பிடிபட்ட பின்: 'கமாண்டோ' என்ற சொல்லும் கொலைக்குக் கணக்குக் கேட்பதும்

'கமாண்டோ' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கறுப்பு உடை, கறுப்புத் துணி கட்டிய தலை, தலைவர்களின் காருக்குப் பக்கத்தில் ஓடிவரும் ஆட்கள். அதிகாரத்தைச் சுற்றி நிற்கும் வேலி. ஆனால் இந்தச் சொல் பிறந்தது அரசுக்கு எதிர்ப்பக்கத்தில். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயரை எதிர்த்த போயர் குடியானவர்கள் குதிரையும் துப்பாக்கியுமாகத் திரண்டார்கள் அல்லவா, அந்த ஊர்ப்படைக்குத்தான் 'கமாண்டோ' என்று பெயர். (போயர்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை. இதே கமாண்டோக்கள் அதற்கு முன்பு கறுப்பின மக்களை வேட்டையாடப் புறப்பட்டவைதான். அது தனியாகப் பேச வேண்டிய கதை.) 1940இல் சர்ச்சில் காலத்து பிரிட்டன் தன்னுடைய திடீர்த் தாக்குதல் படைகளுக்கு அந்தப் பழைய எதிரியின் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டது. அதிகாரம் எதிரியிடமிருந்து நிலத்தை மட்டுமா எடுத்துக்கொள்கிறது, சொல்லையும் எடுத்துக்கொள்கிறது.

சொல்லின் வரலாற்றை நான் இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. பிடிபட்ட கமாண்டோவைக் கொல்வது, கொன்றவனைக் கூண்டில் ஏற்றுவது என்ற இரண்டுமே அந்தப் போயர் யுத்தத்திலேயே நடந்துவிட்டன. 1901இல் வடக்கு டிரான்ஸ்வாலில் ஆங்கிலேயரின் ஒழுங்கற்ற குதிரைப்படை ஒன்றில் இருந்த ஹாரி மோரன்ட், பீட்டர் ஹேண்ட்காக் ஆகிய அதிகாரிகள் சரணடைந்த போயர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ராணுவ நீதிமன்றம் பன்னிரண்டு கைதிகளைக் கொன்ற குற்றத்தை உறுதிசெய்து 1902 பிப்ரவரி 27 அன்று பிரிட்டோரியாவில் இருவரையும் சுட்டுக் கொன்றது. கைதிகளைப் பிடிக்காதே, சுட்டுவிடு என்பது மேலிருந்து வந்த உத்தரவு என்பதே மோரன்டின் வாதம். மேலே என்றால் தலைமைத் தளபதி கிட்ச்னர் வரை. அவரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. மோரன்டும் ஹேண்ட்காக்கும் ஆஸ்திரேலியாவில் வீரர்களானார்கள், சினிமா வந்தது, மன்னிப்புக் கேட்டு மனுக்கள் போயின. செத்த பன்னிரண்டு போயர்களின் பெயர் கேட்டால் அங்கே எத்தனை பேர் சொல்வார்கள்?

கொலை, உத்தரவு, கீழே இருப்பவனுக்குத் தண்டனை, பிறகு கொன்றவனை வைத்து எழும் வீரக்கதை என்ற நான்கும் அன்றைக்கே வந்துவிட்டன. பின்னால் நடந்தவற்றில் இவற்றின் அளவும் வரிசையும்தான் மாறின.

இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் எங்கள் ஊரில் தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: "ஏங்க, யுத்தம்னா கொல்லத்தான செய்வாங்க. சண்டையில சுட்டா சரி, கையில சிக்குனப்புறம் சுட்டா தப்புன்னா எப்படிங்க? செத்தவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?" இது லேசான கேள்வி இல்லை. யுத்தச் சட்டம் என்ற முழுக் கட்டடமும் நிற்பது இந்தக் கேள்விக்கான பதிலின் மேல்தான். போராளியைக் கொல்லலாம் என்று சட்டம் விட்டுக்கொடுப்பது அவன் கையில் ஆயுதம் இருப்பதாலும் அவன் திருப்பித் தாக்க முடியும் என்பதாலும் மட்டுமே. அவன் யார், எதற்காகப் போராடுகிறான், அவன் பக்கம் நியாயமா அநியாயமா என்பதெல்லாம் அந்த அனுமதிக்குள் வராது. ஆயுதம் கீழே விழுந்த கணத்தில் அனுமதி முடிகிறது. அதற்குப் பிறகு சுடுபவன் போர்வீரன் என்ற நிலையிலிருந்து கொலைகாரன் என்ற நிலைக்கு வந்துவிடுகிறான். 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் இரண்டு விஷயங்களை வெளிப்படையாகத் தடுக்கின்றன: ஆயுதத்தைப் போட்டுவிட்டுச் சரணடைந்தவனைக் கொல்லக் கூடாது, யாருக்கும் உயிர்ப்பிச்சை இல்லை என்று முன்கூட்டியே அறிவிக்கவும் கூடாது.

இந்த இரண்டாவது தடையை எழுத்திலேயே மீறியவர் ஹிட்லர். 1942 ஆகஸ்ட்டில் டியப் துறைமுகத் தாக்குதல். அக்டோபர் தொடக்கத்தில் சார்க் தீவில் இறங்கிய பிரிட்டிஷ் கமாண்டோக்கள் பிடித்த ஜெர்மானியர்களின் கைகளைக் கட்டினார்கள், தப்ப முயன்ற சிலர் கொல்லப்பட்டார்கள். இதைக் காரணம் காட்டி அக்டோபர் 18 அன்று ரகசிய உத்தரவு பிறந்தது. கமாண்டோ நடவடிக்கையில் ஈடுபடுபவர்கள் சீருடையில் இருந்தாலும் சரி, ஆயுதம் இல்லாமல் இருந்தாலும் சரி, சரணடைய முன்வந்தாலும் சரி, அழித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். எடுக்கப்பட்ட பிரதிகள் பன்னிரண்டுதான். தளபதிகளுக்கு மட்டும்; எதிரியின் கையில் எந்த நிலையிலும் சிக்கக் கூடாது. எழுதியவர்களுக்கே அது குற்றம் என்று தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அந்த உத்தரவு செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். அது மனிதர்களில் ஒரு வகையை உண்டாக்கியது. 'கமாண்டோ' என்று பெயர் வைத்ததும் அந்த உடல் போர்க்கைதி என்ற சட்ட வளையத்துக்கு வெளியே போய்விடுகிறது. குற்றவாளி என்ற வளையத்துக்குள்ளும் வருவதில்லை, ஏனென்றால் குற்றவாளிக்கு விசாரணை உண்டு. இரண்டுக்கும் நடுவில் யாருடைய கணக்கிலும் இல்லாத உடல். இத்தாலியச் சிந்தனையாளர் ஜார்ஜியோ அகம்பென் பழைய ரோமானியச் சட்டத்திலிருந்து ஓர் உருவத்தை எடுத்துக் காட்டுகிறார்: கொன்றாலும் கொலை ஆகாத மனிதன். அப்படிப்பட்டவன் தானாக இருப்பதில்லை, பெயர் சூட்டித்தான் அவனை உண்டாக்க வேண்டும். நம் காலத்தில் 'பயங்கரவாதி' என்ற சொல் இதே வேலையைச் செய்கிறது. சேலம், தருமபுரிக் காட்டோர ஊர்களில் ஒரு காலத்தில் யாரை வேண்டுமானாலும் 'வீரப்பன் ஆள்' என்று சொன்னாலே போதுமாக இருந்தது.

1944 மார்ச்சில் பதினைந்து அமெரிக்க வீரர்கள் இத்தாலியின் லா ஸ்பெசியா பக்கம் ரயில் சுரங்கப் பாதையை உடைக்க இறங்கினார்கள். இரண்டு அதிகாரிகள், பதின்மூன்று சிப்பாய்கள். எல்லோரும் சீருடையில்தான் இருந்தார்கள். மார்ச் 24இல் பிடிபட்டு 26ஆம் தேதி காலையில் விசாரணை இல்லாமல் சுடப்பட்டார்கள். உத்தரவை அனுப்பியவர் ஜெர்மானியப் படைப்பிரிவுத் தளபதி அன்டன் டோஸ்ட்லர். யுத்தம் முடிந்ததும் 1945 அக்டோபரில் இத்தாலியிலேயே அமெரிக்க ராணுவ ஆணையம் அவரை விசாரித்தது. மேலிடத்து உத்தரவை நான் கீழே கடத்தினேன், அவ்வளவுதான் என்றார். அந்த வாதம் எடுபடவில்லை. டிசம்பர் முதல் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த வழக்கில் பலரும் கவனிக்காத ஓர் ஆள் உண்டு. டோனா என்ற பிரபுக் குடும்பத்து அதிகாரி; அந்தக் கைதிகளைக் கொல்லும் உத்தரவில் கையெழுத்திட மறுத்தார். அதற்காக அவரைச் சுடவில்லை, வேலையிலிருந்து அனுப்பினார்கள். 'மறுத்திருந்தால் என்னைக் கொன்றிருப்பார்கள்' என்ற வாதத்தை எங்கே கேட்டாலும் எனக்கு இந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார்.

நார்வேயில் இந்த உத்தரவை நிறைவேற்றிய ஃபால்கென்ஹோர்ஸ்டுக்கு 1946இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, பிறகு அது இருபது ஆண்டாகக் குறைந்தது, 1953இல் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குள் பனிப்போர் வந்துவிட்டது, மேற்கு ஜெர்மனி நண்பனாகிவிட்டது. ஆக, கணக்குக் கேட்பதற்கும் ஒரு பருவம் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1943 ஜூலையில் சிசிலியின் பிஸ்காரி விமானத் தளத்தருகே அமெரிக்கச் சிப்பாய்கள் எழுபத்து மூன்று கைதிகளைக் கொன்றார்கள். சார்ஜண்ட் ஒருவருக்கு ஆயுள் தண்டனை, அதுவும் சீக்கிரமே தளர்த்தப்பட்டது. தளபதி பாட்டனின் பேச்சைக் கேட்டே செய்தேன் என்று சொன்ன கேப்டன் விடுதலையானார். டோஸ்ட்லருக்குச் செல்லாத வாதம் இங்கே செல்லுபடியானது. வென்றவனின் நீதி என்று சொல்வது இதைத்தான். ஆனால் இதைச் சொல்லிவிட்டு 'அதனால் எல்லா விசாரணையும் நாடகம்' என்று கையைக் கழுவுவது நம் அறிவாளிகளுக்குப் பிடித்த சோம்பேறித்தனம். டோஸ்ட்லர் தீர்ப்பு சரிதான். பிஸ்காரியில் தவறியதும் அதே அளவுகோல்தான்.

சீருடை இல்லாவிட்டால்? 1944 இறுதியில் சிங்கப்பூர்த் துறைமுகக் கப்பல்களைத் தகர்க்கப் புறப்பட்ட 'ரிமாவ்' நடவடிக்கையில் பிடிபட்ட பத்துப் பேரை ஜப்பானியர் நீதிமன்றத்தில் நிறுத்தி, சீருடை இல்லை, பொய்க்கொடி பறக்கவிட்டார்கள் என்று சொல்லி 1945 ஜூலை 7 அன்று தலையை வெட்டினார்கள். ஜப்பான் சரணடைய ஐந்தாறு வாரம்தான் பாக்கி. ஒற்றனுக்கும்கூட விசாரணை இல்லாமல் தண்டனை கூடாது என்பது ஹேக் விதி. ஜப்பானியர் ஒரு விசாரணையை நடத்திக் காட்டிவிட்டார்கள். சட்டத்தின் வடிவம் இருந்தால் கணக்குக் கேட்பது எத்தனை கடினமாகிறது என்பதற்கு இது உதாரணம். திப்பு சுல்தானின் வழியில் வந்த நூர் இனாயத் கானை 1944 செப்டம்பரில் டாக்காவில் கொன்றபோது அந்த வடிவமும் இல்லை. (1792 வரை சேலம் சீமை திப்புவின் கீழ்தான் இருந்தது. நம் பாடப்புத்தகங்களில் நூருக்கு ஒரு வரி கொடுத்தால் என்ன?)

இனி நமக்குப் பக்கத்தில் வருவோம். ஜலகண்டாபுரத்திலிருந்து நங்கவள்ளி, மேட்டூர் தாண்டினால் கொளத்தூர். 1980களின் நடுவில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் அந்தப் பக்கத்தில் இருந்தது. பொன்னம்மான் பொறுப்பில் நடந்த அந்த முகாமின் நினைவாகவே 'புலியூர்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. இந்திய அரசே அப்போது ஈழ இயக்கங்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த மண்ணில் பயிற்சி பெற்றவர்களின் இயக்கம் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. அங்கே கையைத் தூக்கியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க நமக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் கடமை உண்டு என்பது என் எண்ணம்.

2009 ஆகஸ்ட்டில் சேனல் 4 ஒரு காட்சியை ஒளிபரப்பியது. கண்ணும் கையும் கட்டப்பட்ட, உடையில்லாத ஆண்களைச் சிப்பாய்கள் பின்னாலிருந்து சுடுகிறார்கள். எடுத்தவர்களும் சிப்பாய்கள்தான், நினைவுப் பொருளாக. பொய்ப் படம் என்றது இலங்கை அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அமர்த்திய நிபுணர்கள் அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் சொன்னார்கள். பிறகு இசைப்பிரியா, பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் பாலச்சந்திரன் ஆகியோரின் படங்கள் வந்தன. அரசியல் பிரிவின் நடேசனும் புலித்தேவனும் வெள்ளைக்கொடியுடன் போனதாகச் சொல்லப்படுகிற நிகழ்ச்சி தனி. ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் 2015 செப்டம்பர் அறிக்கை, பிடிபட்டவர்களும் சரணடைந்தவர்களும் கொல்லப்பட்டார்கள் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகச் சொன்னது.

இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கத்தை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் மேடைகளில் இதில் பெரிய குழப்பம். உள்நாட்டு யுத்தத்தில் கிளர்ச்சியாளனுக்குப் 'போர்க்கைதி' என்ற தகுதி இல்லை. அரசு அவனை வழக்குப் போட்டுத் தண்டிக்கலாம். ஆனால் கொல்ல முடியாது. 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் நான்குக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு, ஆயுதத்தைக் கீழே போட்டவர்களையும் பிடிபட்டவர்களையும் கொல்வதை எந்தக் காலத்திலும் எந்த இடத்திலும் தடுக்கிறது. 'அவர்கள் போர்க்கைதிகள் இல்லை, பயங்கரவாதிகள்' என்பதை ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும் கொலைக்கு அனுமதி கிடைப்பதில்லை. அதைவிட முக்கியம், இந்தப் பிரிவு அரசை மட்டும் கட்டுவதில்லை. இயக்கத்தையும் கட்டுகிறது.

அதனால்தான் 1990 ஜூனில் கிழக்கு மாகாணத்தில் சரணடைந்த போலீஸ்காரர்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் புலிகளால் கொல்லப்பட்டார்கள் என்பது பரவலான கணக்கு. 1987 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் 'கந்தன் கருணை' வீட்டில் புலிகளின் கையில் கைதிகளாக இருந்த மாற்று இயக்கத்துத் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களும் கையில் ஆயுதம் இல்லாதவர்கள்தான், பிடிபட்டவர்கள்தான். ராஜினி திராணகம உள்ளிட்டோர் 'முறிந்த பனை'யில் இந்தக் கேள்விகளை எழுப்பினார்கள். 1989 செப்டம்பரில் அவரும் கொல்லப்பட்டார். இதையெல்லாம் சொன்னால் 'இப்ப எதுக்கு இந்தப் பேச்சு, எதிரிக்குத்தான் லாபம்' என்கிறார்கள் நண்பர்கள். எதிரிக்கு லாபம் நம் மௌனத்தால்தான். முள்ளிவாய்க்காலுக்கு ஓர் அளவுகோல், கந்தன் கருணைக்கு வேறு அளவுகோல் என்றால் நம் கையில் இருப்பது அளவுகோலே இல்லை, வெறும் குச்சி.

நம் வீரப் பேச்சும் இதில் ஒரு தடை என்று நினைக்கிறேன். சோழன் சிறையில் தண்ணீர் கேட்டு, அது அவமதிப்போடு வந்ததால் குடிக்காமல் உயிர்விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையைப் புறநானூற்றின் வழியாகத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகிறோம். பிடிபடுவது இழிவு, சாவது பெருமை. கழுத்தில் தொங்கிய சயனைட் குப்பி இந்தச் சொல்லாடலின் கடைசி வடிவம். இதன் விளைவு என்ன? கையைத் தூக்கிச் சரணடைந்தவன் நம் கதையாடலில் இடமில்லாதவனாகிறான். அவனுக்கு நடுகல் இல்லை, சுவரொட்டி இல்லை. அவன் கொல்லப்பட்டதை 'வீரச்சாவு' என்று மாற்றிச் சொன்னால்தான் நமக்கு நிம்மதி. ஆனால் அப்படிச் சொன்ன கணத்தில் கொலைக்கான சாட்சியத்தையே அழித்துவிடுகிறோம். சண்டையில் செத்தான் என்றுதானே கொன்றவனும் சொல்கிறான்?

ஹிட்லரின் உத்தரவு காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் கைட்டலையும் யோட்லையும் அந்தக் குற்றத்தில் மாட்டியிருப்பது கடினம். அதற்குப் பின்னால் வந்த அரசுகள் கற்றுக்கொண்ட பாடம், கொல்லாதே என்பதல்ல. எழுதாதே என்பது. 2009 டிசம்பரில் முன்னாள் ராணுவத் தளபதி சரத் பொன்சேகா, சரணடைய வருபவர்களைக் கொல்லச் சொல்லிப் பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ச கட்டளைத் தளபதியிடம் சொன்னதாக 'சண்டே லீடர்' பத்திரிகையில் வெளியான பேட்டியில் சொன்னார். பிறகு அந்தப் பேச்சிலிருந்து விலகிக்கொண்டார். அரசு அதை மறுத்தது. கொழும்பு நீதிமன்றத்தில் 'வெள்ளைக்கொடி வழக்கு' என்ற பெயரில் ஒரு வழக்கும் நடந்தது. 2011 நவம்பரில் மூன்றாண்டுச் சிறை கிடைத்தது. யாருக்கு? பொன்சேகாவுக்கு. கொலைக்காக இல்லை, பேசியதற்காக.

இலங்கையில் பிடிபட்ட கிளர்ச்சியாளரைக் கொன்றதற்குத் தண்டனையே கிடைத்ததில்லையா என்றால், கிடைத்திருக்கிறது. 1971 ஏப்ரல் ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது கதிர்காமத்தில் பிடிக்கப்பட்ட பிரேமாவதி மனம்பேரி என்ற இளம்பெண்ணை நிர்வாணமாக்கித் தெருவில் நடத்திச் சுட்டார்கள். ஒரு லெப்டினன்டுக்கும் ஒரு சார்ஜண்டுக்கும் பதினாறாண்டுக் கடுங்காவல் கிடைத்தது. இங்கேயும் அதற்கு மேல் யாரும் இல்லை, கிட்ச்னர் காலத்து வழக்கம்தான். அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்டுக் கொல்லப்பட்ட மற்றவர்கள் கணக்கில் வரவே இல்லை. 1989 நவம்பரில் ஜே.வி.பி. தலைவர் ரோஹண விஜேவீர பிடிபட்ட மறுநாளே கொல்லப்பட்டார். அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் குடியரசுத் தலைவரானார். பிடிபட்ட தலைவனைக் கொலைக்குக் கொடுத்த கட்சி, ஆனால் ஐ.நா. மனித உரிமைப் பேரவை சாட்சியங்களைத் திரட்ட 2021இல் ஏற்படுத்திய ஏற்பாட்டை இந்த அரசும் முந்தைய அரசுகளைப் போலவே நிராகரித்தது. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அது அதே மாதிரிதான் பேசும்போல.

இந்தியாவும் இதில் ஒரு கட்சிக்காரர். 1999 மே மாதம் கார்கிலில் கேப்டன் சௌரப் காலியாவும் ஐந்து சிப்பாய்களும் பிடிபட்டார்கள். ஜூன் 9 அன்று உடல்கள் திரும்பி வந்தபோது சித்திரவதையின் தடங்கள் இருந்தன. அவருடைய தந்தை 2012இல் உச்ச நீதிமன்றம் வரை போனார். சர்வதேச நீதிமன்றத்துக்குப் போக முடியாததற்கு அரசு சொன்ன காரணத்தைப் பாருங்கள்: காமன்வெல்த் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளில் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதில்லை என்று இந்தியாவே முன்பு அறிவித்திருக்கிறது. நாளை நம்மை யாரும் கேட்கக் கூடாது என்று போட்ட பூட்டு, நாம் கேட்கப் போகும்போது நம் கதவையே அடைக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை.

பின்னே யார்தான் கேட்பது? இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பிரான்சின் வோஜ் மலைப்பகுதியில் காணாமல் போன பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். கமாண்டோக்களைத் தேடி மேஜர் பார்க்வொர்த் தலைமையில் ஒரு சிறு குழு கிளம்பியது. புதைகுழிகளைத் தோண்டினார்கள், கிராமத்தவரிடம் விசாரித்தார்கள், கொன்றவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். 1945 அக்டோபரில் அந்தப் படைப்பிரிவையே கலைத்த பிறகும் 1948 வரை வேலை நடந்தது. செத்தவர்களின் கூட்டாளிகள், வென்ற தரப்பு, ஆக்கிரமித்த நாட்டில் எங்கும் போகும் அதிகாரம் என்ற மூன்றும் அவர்களுக்கு இருந்தன. தோற்ற தரப்புக்கு இதில் ஒன்றும் இல்லை. 2025 மார்ச்சில் பிரிட்டன் சவேந்திர சில்வா உள்ளிட்ட மூன்று முன்னாள் தளபதிகள் மீதும், புலிகளிலிருந்து பிரிந்து அரசோடு சேர்ந்த கருணா மீதும் பயணத் தடை, சொத்து முடக்கம் விதித்தது. ஏதோ ஒன்று என்ற அளவில் சரி. விசா மறுப்பது தண்டனை ஆகாது.

முள்ளிவாய்க்காலைப் பொறுத்தவரை பார்க்வொர்த்தின் வேலையைச் செய்துகொண்டிருப்பவர்கள் பெண்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தெருவோரப் பந்தல்களில் உட்கார்ந்திருந்த தாய்மார் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். புலிகளின் திருகோணமலை அரசியல் பொறுப்பாளராக இருந்த எழிலன் 2009 மே 18 அன்று வட்டுவாகலில் பாதிரியார் பிரான்சிஸ் ஜோசப்புடன் சேர்ந்து ராணுவத்திடம் சரணடைந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அவருடைய மனைவி அனந்தி சசிதரன் சொன்னார். 2013இல் ஆட்கொணர்வு மனு போட்டார். அவர் 'வீரச்சாவு' என்று ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒப்படைத்த ஆளைக் கொண்டுவா, அல்லது என்ன செய்தாய் என்று சொல் என்பதுதான் அவருடைய கேள்வி. விசாரணையில் ராணுவ அதிகாரி, சரணடைந்தவர்களின் பட்டியல் தங்களிடம் இருப்பதாகச் சொன்னார். கொண்டுவரச் சொன்னபோது வந்தது வேறு பட்டியல், மறுவாழ்வு முகாமுக்குப் போனவர்களுடையது. 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் எழிலனையும் அவரோடு போன மற்றவர்களையும் முன்னிறுத்த வேண்டும் என்று ராணுவத்துக்கு உத்தரவிட்டது. மனு போட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. முதலில் இருப்பதாகச் சொன்ன அந்தப் பட்டியலைத்தான் அந்தப் பெண்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.